ஓடாத வண்டி, நிற்காத வண்டி: மாதிரி ரயில் சாலையில் கோளாறு தேடும் வழி

ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. சக்கரம் அதில் ஏறிவிட்டால் வேறு எங்கும் போக வழியில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. தரைக்குள் புதைந்த ஒரு கம்பியை, அரை மில்லிமீட்டர் பட்டிப் பூச்சுக்கு (புட்டி) மேலிருந்து, ஒரு குட்டிக் காந்தம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதனால் லேஅவுட்டில், அதாவது மாதிரி ரயிலுக்காகப் பலகைமேல் அமைத்த குட்டி ஊரில், லாரியும் பஸ்ஸும் ஓடவிடுகிறவர்களுக்கு வாரம் ஒரு கோளாறு நிச்சயம். நான் பட்டவற்றை, கண்ணில் படும் அறிகுறியை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டாதீர்கள்.

எந்தச் சாலையைப் பற்றிப் பேசுகிறோம்

என்னுடையது எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. சாலையில் இரண்டு விதமான ஓட்டம் வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த முறை. வண்டிக்குள் பேட்டரியும் மோட்டாரும் இருக்கும். மோட்டார் பின்சக்கரத்தைச் சுற்றும். முன் அச்சிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் காந்தம். சாலைக்குள் புதைத்த இரும்புக் கம்பியைக் காந்தம் தொடர, கை திரும்ப, முன்சக்கரமும் திரும்பும். வண்டியின் அடியில் ஒரு ரீட் சுவிட்ச் உண்டு. சாலைக்குக் கீழே வைத்த காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மின்சாரம் கொடுத்தால் அந்தக் காந்தப்புலத்தில் ரீட் சுவிட்ச் மோட்டாரைத் துண்டித்துவிடும், வண்டி நிற்கும். ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லாண்டில் நூற்றுக்கணக்கான வண்டிகள் கணினி சொல்படி ஓடுவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் வண்டியைச் சாலையோடு பிடித்துவைப்பது இதே காந்தமும் கம்பியும்தான்.

இரண்டாவது, நெதர்லாந்தின் மேக்னோரெயில் மாதிரியான சங்கிலி முறை. சாலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் சங்கிலி ஓடும், அதில் ஆங்காங்கே காந்தம். மேலே இருக்கும் சைக்கிளை அது இழுத்துக்கொண்டு போகும்.

இவை தவிர, நின்ற இடத்திலேயே கையசைக்கும், விறகு வெட்டும் பொம்மைகள். அவற்றுக்குக் கீழே ஒரு சர்வோ மோட்டார், அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார், போதும்.

முதல் சோதனை: ஒரே இடமா, ஒரே வண்டியா?

வண்டி தகராறு செய்தால் எல்லோரும் முதலில் செய்வது அதைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பதுதான். கண்ணுக்குத் தெரிவது வண்டி, கைக்கு எட்டுவதும் வண்டி. சாலைக்குள் இருந்த குற்றத்துக்காக ஒரே லாரியை நான் நான்கு முறை ஸ்க்ரூ கழற்றியிருக்கிறேன். அதன் பின்மூடியில் இப்போது ஸ்க்ரூ பிடிப்பதே இல்லை.

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒரு கோடு. பத்துச் சுற்று விடுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் சாலையில் கோளாறு. வளையம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் வண்டியில் கோளாறு. சந்தேகம் இருந்தால் இன்னொரு வண்டியை அதே இடத்தில் விட்டுப் பாருங்கள். அதுவும் அங்கேயே தடுமாறினால் முதல் வண்டி நிரபராதி. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

வளைவில் வண்டி கம்பியை விட்டு நேரே போய்விடுகிறது

அதிகமாக வருவது இதுதான். ஒரே இடம் என்றால் கம்பி ஆழமாகப் போயிருக்கிறது என்று பத்துக்கு எட்டு முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பள்ளம் வெட்டும்போது நேர்க்கோட்டில் கை சீராகப் போகும், வளைவில் தயங்கும். தயங்கிய இடத்தில் பிளேடு ஆழமாக இறங்கும். கம்பியும் கூடவே கீழே போய் உட்கார்ந்துவிடும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. 3 மி.மீ. அளவு நியோடிமியம் காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சாலைக்கு மேல் ஒரு மயிரிழை உயரத்தில் தொங்கவிட்டு, கம்பியின் வழியே மெதுவாக நகர்த்துங்கள். கம்பி மேலாக இருக்கும் இடத்தில் நூல் விறைத்துக் காந்தம் டப்பென்று ஒட்டும். ஆழமாக இருக்கும் இடத்தில் சும்மா ஊசலாடும். அந்த ஊசலாட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துவிட்டு, சாக்பீஸ் கோட்டோடு ஒப்பிடுங்கள். கோடு பெரும்பாலும் பென்சில் குறிக்கு ஒரு விரல் தள்ளி இருக்கும். வண்டி பிடியை இழந்த இடம் வேறு, இழந்தது நம் கண்ணில் படும் இடம் வேறு.

எவ்வளவு ஆழம் அதிகம் என்றால், நான் பார்த்தவரை கம்பிக்கு மேல் அரை மில்லிமீட்டருக்குக் கூடுதலாகப் பட்டி இருந்தால் வளைவில் நம்பிக்கை வைக்க முடியாது. சாதாரண ஏ4 தாள் ஐந்தை அடுக்கினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கம்பி வெளியே தெரியும் ஒரு துண்டின் மேல் ஐந்து தாளை வைத்து அதன் மேல் வண்டியை நகர்த்திப் பாருங்கள், இழுவை எவ்வளவு குறைகிறது என்று கைக்கே புரியும்.

சரிசெய்ய: கொஞ்சம்தான் ஆழம் என்றால் ஒரு மரக்கட்டையில் 220 உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தைத் தேயுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் குழி விழும், அப்புறம் அது வேறு கோளாறு. ரொம்ப ஆழம் என்றால் தேய்த்துப் பயனில்லை. அந்தத் துண்டைக் கீறித் திறந்து, கம்பியை வெளியே எடுத்து, பள்ளத்தின் அடியில் பட்டி நிரப்பிக் காயவிட்டு, கம்பியைத் திரும்ப மேலாகப் பதிக்க வேண்டும்.

ஒரே வண்டிதான் எல்லா வளைவிலும் விலகிப் போகிறது என்றால், அதன் கையைப் பாருங்கள். காந்தம் சாலையை லேசாக உரசவேண்டும், அல்லது ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றால் கையை மெதுவாகக் கீழே வளையுங்கள். கை இடமும் வலமும் தன் எடையிலேயே விழவேண்டும். பாதியில் நின்றால் அச்சுமுனையில் முடியோ நூலோ சிக்கியிருக்கும். மின்விசிறி ஓடும் வீட்டில் இது மாதம் ஒரு முறை நடக்கும்.

இன்னொன்று, நானே செய்த தப்பு. காந்தத்துக்குப் பக்கத்தில் சாலிடரிங் அயனைக் காட்டினேன். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும். அயன் நுனியோ 300 டிகிரிக்கு மேல். காந்தம் பார்க்கப் பழையபடியே இருந்தது, கம்பியைத்தான் பிடிக்கவில்லை. புதுக் காந்தம் மாற்றினேன், தீர்ந்தது.

எல்லா வண்டியும் எல்லா வளைவிலும் விலகிப் போகிறதா? அப்படியென்றால் கம்பியே தப்பு. என் முதல் சாலை அப்படித்தான். துருப்பிடிக்காது என்று சொல்லி ஒரு கடையில் ஸ்டெயின்லெஸ் கம்பி கொடுத்தார்கள். நானும் புத்திசாலி மாதிரி வாங்கிவந்து முழுச் சாலையும் பதித்துப் பெயின்ட் அடித்த பிறகுதான் காந்தம் அதில் ஒட்டவே இல்லை என்று பார்த்தேன். ஸ்டெயின்லெஸில் பல ரகங்கள் காந்தத்துக்கு மசியாது. வாங்கும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைக் கட்டப் பயன்படும் கட்டுக்கம்பி நன்றாகவே வேலை செய்கிறது. 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. தடிமன், அதற்கேற்ற பள்ளம் வெட்டவேண்டும். சுருளாக வருவதால் நெளிவு இருக்கும். ஒரு முனையை வைஸில் கடித்து மறுமுனையைக் குறடால் பிடித்து, கம்பி கொஞ்சம் நீளும்வரை இழுத்தால் நூல் பிடித்தது மாதிரி நேராகிவிடும். துரு பற்றிய பயம் இருந்தால் பதிக்கும் முன்பு கம்பிக்கு நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடியுங்கள். நீரில் குழைக்கும் பட்டிக்குள் வெறும் இரும்பைப் புதைத்தால் அடுத்த மழைக்காலத்தில் சாலையின் நடுவே காவி நிறத்தில் ஒரு கோடு மேலே வரும்.

நேர்ச்சாலையில் நெளிந்து நெளிந்து போகிறது

ஒரே இடத்தில் என்றால் கம்பி இணைப்பு. இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியோ, பக்கத்தில் பக்கத்தில் வைத்தோ இணைத்திருப்பீர்கள். அந்த இடத்தில் இரும்பு இரட்டிப்பு, காந்தம் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறும். முனைகளை நேருக்கு நேர் வையுங்கள். நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, நேர்ச்சாலையில் வண்டி தாண்டிவிடும்.

ஒரே வண்டி என்றால் கையில் ஆட்டம் அதிகம், அல்லது முன்சக்கரங்களில் ஒன்று அச்சில் இறுகியிருக்கிறது.

பின்சக்கரம் நடைபாதையில் ஏறுகிறது

இதில் பிழை வரைபடத்தில். கம்பியைப் பின்தொடர்வது முன் அச்சு மட்டும். பின் அச்சு வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நிஜ பஸ்ஸும் அப்படித்தான், ஓட்டுநர் அகலமாக வாங்கித் திருப்புவதால் நமக்குத் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர் அச்சிடைவெளி உள்ள பஸ் எச்.ஓ.வில் சுமார் 7 செ.மீ. கம்பியின் வளைவு ஆரம் 20 செ.மீ. என்றால் பின் அச்சின் நடு, கம்பியிலிருந்து 12 மி.மீ. உள்ளே வரும். ஆரத்தை 30 செ.மீ. ஆக்கினால் 8 மி.மீ. சாலையின் ஒரு தடம் மூன்றரை மீட்டர் என்றால் நமக்கு 40 மி.மீ.; பஸ்ஸின் அகலம் 29 மி.மீ. கம்பி தடத்தின் நடுவில் இருந்தால் பக்கத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர்தான் மிச்சம். 12 எங்கே, ஐந்தரை எங்கே?

ஆகவே வளைவில் கம்பியைத் தடத்தின் நடுவில் போடாதீர்கள், நாலைந்து மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளிப் போடுங்கள். 20 செ.மீ. வளைவில் அதுவும் போதாது. தடத்தையே அகலமாக்க வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டால் நடைபாதையைச் செதுக்கி ஒதுக்குவதுதான் வழி. நான் என் சாலை முனையில் இருந்த ஒரு டீக்கடையை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினேன். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வீட்டில் கிண்டல் நடந்தது.

முக்கி முனகி ஓடுகிறது, ஏற்றத்தில் நின்றுவிடுகிறது

முதலில் பேட்டரி. பழைய வகை வண்டிகளில் இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், மொத்தம் 2.4 வோல்ட். மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஓட்டுவதை நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். அடிமட்டம்வரை காலிசெய்தால் செல் கெட்டுப்போகும். புதியவற்றில் லித்தியம் செல் இருக்கலாம், பெயரளவில் 3.7 வோல்ட். இதன் சார்ஜர் வேறு, அதன் சார்ஜர் வேறு. மாற்றிச் செருகுவது தீப்பிடிக்கும் விவகாரம், சோதனைக்காகக்கூட வேண்டாம்.

பேட்டரி நன்றாக இருந்தால் பின் அச்சைப் பாருங்கள். சுற்றியிருக்கும் முடியை ஊக்கு முனையால் எடுங்கள். எண்ணெய் விடுவதானால் ஊசி நுனியில் தொட்டு வைக்கும் அளவு போதும். ஒரு துளி விட்டால் அது டயருக்கு வழிந்து, ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டயரை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏற்றம் 100 செ.மீ. நீளத்துக்கு 5 செ.மீ. உயரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டிவிட்டது, இடிக்க மனமில்லை என்றால் பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு சின்ன ஈயத்துண்டு வைத்துப் பாருங்கள்.

நிறுத்தத்தில் நிற்பதில்லை

காயில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன இரும்பு ஆணியைச் சாலைமேல் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஆணி நிமிர்ந்தால் காயில் சரி. நீங்களே சுற்றிய காயில் என்றால் டிசி மின்சாரம் கொடுங்கள். ஏசி கொடுத்தால் புலம் விநாடிக்கு நூறு முறை எழுந்து விழும், வண்டி நிற்பதா போவதா என்று விக்கும்.

காயில் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் இடம் தப்பு. ரீட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பெட்டியைப் பார்த்து ஊகிக்காதீர்கள், கண்டுபிடியுங்கள். வண்டியை ஸ்டாண்டு மாதிரி இரண்டு தீப்பெட்டிமேல் வைத்துச் சக்கரம் காற்றில் சுழலட்டும். கையில் சின்னக் காந்தம். வண்டியின் அடியில் முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். மோட்டார் சத்தம் எந்த இடத்தில் சட்டென்று அடங்குகிறதோ அங்கே அடிப்பலகையில் ஒரு புள்ளி வையுங்கள். என் வண்டிகளில் அது நடுக்கோட்டில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. காயிலும் கம்பிக்கு நேர் கீழே இல்லாமல் அந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும். கம்பிக்கு அடியிலேயே வைத்தால் புலத்தில் பாதியைக் கம்பியே வாங்கிக்கொள்ளும்.

நின்றுவிட்டு ஊர்ந்து போகிறது, அல்லது கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால் வேகம் அதிகம். மோட்டாரோடு தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டர் போடுங்கள். 4.7 ஓமில் ஆரம்பித்து ஏற்றிப் பார்க்கலாம்.

காயில் சுடுகிறதா? ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் ஓடினால் சுடத்தான் செய்யும். இந்த விஷயத்தில் என் கட்சி வேறு. காயிலையே எடுத்துவிட்டு, ஒரு நிலைக்காந்தத்தைச் சர்வோ கையில் ஒட்டி, நிற்கவேண்டிய நேரத்தில் சாலைக்கு அடியில் மேலே தூக்குகிறேன். சூடும் கிடையாது, சர்வோவும் அந்த ஒரு விநாடிக்குத்தான் உழைக்கிறது.

ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்கிறது

ஒரே இடமா? பலகைக்குக் கீழே குனிந்து பாருங்கள். அங்கே ஸ்பீக்கர் இருக்கும், அல்லது தண்டவாளம் மாற்றும் மோட்டார் இருக்கும், அல்லது நீங்கள் எப்போதோ ஒட்டி மறந்த காந்தம் இருக்கும். எனக்கு ஸ்டேஷன் அறிவிப்புக்காக வைத்த ஸ்பீக்கர். ரயில் வரும் அறிவிப்பு ஒலிக்கும்போது மட்டும் பஸ் நிற்கிறது என்று முதலில் நம்பினேன். சாக்பீஸ் கோடு போட்டபோது, அறிவிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான் நின்றது. ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதோ இல்லையோ, அதன் காந்தம் எப்போதும் விழித்திருக்கும். பத்து சென்டிமீட்டர் நகர்த்தினேன்.

முன்னால் நிற்கும் வண்டியில் போய் மோதுகிறது

இரண்டு வண்டிகள் ஒரே வேகத்தில் ஓடாது, ஆகவே என்றைக்காவது பின்னது முன்னதைப் பிடிக்கும். முன்வண்டியின் பின்புறத்தில், பின்வண்டியின் ரீட் சுவிட்ச் எட்டும் பக்கத்தில், சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டினால் பின்வண்டி தானாக நிற்கும். காந்தம் பெரிதானால் பின்வண்டியின் கையையே இழுத்துத் தடம் மாற்றிவிடும். மிகச் சிறியதில் தொடங்குங்கள். அகச்சிவப்பு வைத்துத் தூரம் பார்க்கும் முறைகளும் உண்டு; அவை இதைவிட நயமானவை, செலவும் அதிகம்.

கிளைச்சாலையில் தவறான பக்கம் திரும்புகிறது

பிரியும் இடத்தில் இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொண்டிருந்தால் முடிவெடுப்பது நீங்கள் இல்லை, அதிர்ஷ்டம். நேர்க்கம்பி முறியாமல் போகட்டும், கிளைக்கம்பி அதைத் தொடாமல் பக்கத்தில் தொடங்கட்டும். சேரும் இடத்திலும் அப்படியே, முக்கியக் கம்பிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள்.

கேட்டில் வரும் வில்லங்கங்கள்

ரயிலும் சாலையும் சந்திக்கும் இடம், ஆகவே இரண்டு பக்கக் கோளாறும் இங்கே கூடும்.

சாலை போட்ட அன்றே ரயில் ஓடவில்லை, கன்ட்ரோலர் உடனே ட்ரிப் ஆகிறது என்றால் கம்பி இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுக்கொண்டு குறுக்கே கிடக்கிறது. இரண்டு தண்டவாள மின்முறையில் அது சுத்தமான ஷார்ட் சர்க்யூட். தண்டவாளத்துக்கு இருபுறமும் கம்பியை ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, கம்பிக்கும் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டி பாருங்கள். பட்டி காய்ந்த பிறகு தேடுவது அழுகைதான்.

ஏன் அங்கே வண்டி லேசாக இழுத்துக் கோணுகிறது? இப்போது வரும் தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வர், காந்தம் அதைச் சட்டை செய்யாது. பழைய இரும்புத் தண்டவாளம் என்றால் பக்கவாட்டில் இழுக்கும். சாலை தண்டவாளத்தைச் சரியான செங்கோணத்தில் கடந்தால் இழுவை இரண்டு பக்கமும் சமமாகி வண்டி தப்பிக்கும். சாய்வாகக் கடந்தால் தப்பாது.

ரயில் கேட்டில் குதிக்கிறது என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே நிரப்பியது உயர்ந்துவிட்டது. தண்டவாளத்தின் தலைமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே இருக்கட்டும். சக்கர விளிம்பு போகும் பள்ளத்தை, பட்டி ஈரமாக இருக்கும்போதே ஒரு ரயில் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளித் திறந்துவிடுங்கள்.

கடைசியாக, பெரிய மானக்கேடு: லாரியின் முதுகில் கேட் இறங்குவது. ரயில் வருவதை சென்சார் சொன்னதும் கேட்டை இறக்கும்படி எழுதியிருப்பீர்கள். அந்த நேரத்தில் ஒரு லாரி நிற்கும் கோட்டைத் தாண்டியிருந்தால்? கோட்டிலிருந்து மறுபக்க கேட்வரை 20 செ.மீ., லாரியின் நீளம் 15 செ.மீ., ஆக மொத்தம் 35. லாரி விநாடிக்கு 12 செ.மீ. போனால் ஏறக்குறைய 3 விநாடி. முதலில் நிறுத்தும் காந்தத்தை மேலே ஏற்றுங்கள், நாலு விநாடி பொறுங்கள், அப்புறம் கேட்டை இறக்குங்கள். ரயில் சென்சாரை அதற்கேற்பத் தள்ளி வைக்கவேண்டும். நம்மூர் கேட்டில் மணி அடித்த பிறகும் குனிந்து நுழைகிறவர்களுக்கு இப்படி ஒரு காந்தம் வைக்க முடியாததுதான் குறை.

சாலைக்கு அடியில் சென்சார் வைத்து லாரி தாண்டிவிட்டதா என்று பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏ3144 மாதிரியான ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சில்லு) காந்தத்தின் ஒரு துருவத்துக்குத்தான் அசையும். ஒரு லாரியைக் காண்கிறது, இன்னொன்றைக் காணவே இல்லை என்றால் இரண்டாவதின் காந்தம் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லா லாரியும் சில முறை மட்டும் தப்புகிறதென்றால் நிரலைப் பாருங்கள். காந்தம் சென்சாரைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரம். நிரலை ஓட்டும் ஆர்டுயினோ போர்டு அந்த நேரத்தில் டிலேயில் (காத்திருக்கச் சொல்லும் கட்டளையில்) தூங்கிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பது?

சைக்கிள்காரர் கீழே விழுகிறார், பின்னோக்கிப் போகிறார்

சங்கிலி முறையில் துருவம்தான் முதல் சந்தேகம். கீழே உள்ள காந்தமும் மேலே உள்ளதும் ஒன்றையொன்று தள்ளினால் சைக்கிள் பக்கத்தில் துள்ளி விழும். சங்கிலிக் காந்தங்கள் எல்லாவற்றுக்கும் மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு, அதன் பிறகே ஒட்டுங்கள். இரண்டு சைக்கிள்களை ஐந்து சென்டிமீட்டருக்குள் நெருக்கி வைத்தால் ஒன்று மற்றதன் காந்தத்துக்குத் தாவும், இடைவெளி கொடுங்கள்.

ஒரே இடத்தில் சைக்கிள் பின்தங்கிவிட்டு, அடுத்த சுற்றில் வரும் காந்தம் வந்து பொறுக்கிக்கொண்டு போகிறதென்றால், அங்கே மேல்தகடு நடுவில் உப்பியிருக்கிறது. சங்கிலிக்கும் சைக்கிளுக்கும் இடையே தூரம் கூடிவிட்டது. தகட்டைக் கழற்றி இன்னும் நெருக்கமாக ஒட்டவேண்டும், வேறு வழி தெரியவில்லை.

கடகடவென்று சத்தம் என்றால் பாதைத் துண்டுகளின் இணைப்பில் பிசிறு இருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும், தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியைக் குடித்துப் பசையாகும். பென்சில் கிராஃபைட் தூள் போதும்.

கையசைக்கும் பொம்மைக்குக் கை நடுங்குகிறது

சர்வோ நடுக்கம். எஸ்ஜி90 மாதிரியான சின்ன சர்வோ 4.8 முதல் 6 வோல்ட்வரை கேட்கும், கிளம்பும்போது மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே நாலு சர்வோவுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் வாத நோய்தான். தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள், சர்வோ பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. கிரவுண்டை இணைக்க மறந்தால் நடுக்கம் முன்பைவிடக் கூடும்.

காயிலோ ரிலேயோ இயங்கும் கணத்தில் மட்டும் பொம்மை துள்ளினால், அந்தக் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போட மறந்திருக்கிறீர்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

அசைவு சரி, ஆனால் பொம்மை கராத்தே போடுவது போல இருக்கிறதா? சர்வோவை ஒரே தாவலில் அனுப்பாமல் டிகிரி டிகிரியாக அனுப்புங்கள், நடுவே 20 மில்லிவிநாடி. இந்த அளவில் ஆள் உயரமே 2 செ.மீ.தான். கை ஐந்து மில்லிமீட்டர் அசைந்தாலே தூரத்திலிருந்து தெரியும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனாலும் பார்க்கப் பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது

வேகம். வேறு ஒன்றுமில்லை. நிஜத்தில் மணிக்கு 50 கி.மீ. போகும் பஸ் எச்.ஓ.வில் விநாடிக்கு 16 செ.மீ. போகவேண்டும், அதாவது ஒரு மீட்டருக்கு ஆறு விநாடிக்குச் சற்றுக் கூடுதல். 15 கி.மீ. வேக சைக்கிள் அதே மீட்டரைக் கடக்க 21 விநாடி. நடந்துபோகிறவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல். சாலையில் ஒரு மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் குறி வைத்து, போனில் ஸ்டாப்வாட்ச் எடுத்துப் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது என் சைக்கிள்காரர் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போய்க்கொண்டிருந்தார்.

நடப்பவர்களைச் சங்கிலியில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். சைக்கிளில் சக்கரம் சுற்றுவதால் கண் ஏமாறும். மேக்னோரெயில் சைக்கிளில் காலும் மிதிக்கும். நடக்கிறவர் கால் அசையாமல் வழுக்கிக்கொண்டே போனால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். அவரைப் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி, பஸ் வரும்போது மட்டும் தலை திரும்பும்படி செய்யுங்கள். நிறுத்தும் காந்தத்தைத் தூக்கும் அதே கட்டளையோடு இன்னொரு சர்வோவைச் சேர்த்துவிட்டால் போதும், தனி சென்சார் தேவைப்படாது.